இன்னொரு செயலியிலிருந்து வரும் கர்சர்: பில் செயலி சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது, பட்டியலும் குறைகிறது

நீலமலை:
வணக்கம் நண்பர்களே. மொத்த வியாபாரக் கடைகளுக்காக இரண்டு ஆண்ட்ராய்டு செயலிகள் செய்கிறோம். ஒன்று சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்வது, இன்னொன்று பில் போடுவது. இரண்டும் ஒரே டேப்லெட்டில் ஓடும். பொருள், விலை, இருப்பு எல்லாம் சரக்குச் செயலியின் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் இருக்கிறது. பில் செயலி அதை கன்டென்ட் ப்ரொவைடர் (ஒரு செயலி தன் தரவை மற்றச் செயலிகளுக்குத் தரும் வாசல்) வழியாகக் கேட்டு வாங்குகிறது. பதில் கர்சராக, அதாவது முடிவுகளை ஒவ்வொரு பதிவாகப் படிக்க உதவும் பொருளாக, வரும். சரக்குச் செயலியை வேறு குழு பார்த்துக்கொள்கிறது, நான் பில் பக்கம்.

மூன்று தொல்லைகள். முதலாவது, பில் செயலி திடீரென்று காணாமல் போகிறது. க்ராஷ் பெட்டி வருவதில்லை, க்ராஷ் அறிக்கையிலும் ஒன்றும் பதிவாவதில்லை. பாதி பில் அடித்துக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்தால் முகப்புத் திரைதான் இருக்கிறது. இரண்டாவது, சில நேரம் பட்டியல் குறைவாக வருகிறது. எக்செப்ஷன் எதுவும் இல்லை, லூப் ஒழுங்காக முடிகிறது, ஆனால் கடைசிப் பொருள்கள் இல்லை. மூன்றாவது, படம் சேர்த்த சில பொருள்களைத் தொட்டால் 'பதிவு கர்சர் விண்டோவுக்குள் அடங்கவில்லை' என்ற பொருளில் ஒரு எக்செப்ஷன்.

இப்போது இருக்கும் முறை: திரை திறந்ததும் கன்டென்ட் ரிசால்வரில் (ப்ரொவைடரிடம் கேட்பதற்கான ஆண்ட்ராய்டு வழி) க்வெரி அடிக்கிறோம். வரும் கர்சரை, திரையில் பட்டியலைக் காட்டும் லிஸ்ட் அடாப்டரிடம் கொடுத்துவிட்டு, திரை மூடும்போது க்ளோஸ் செய்கிறோம். பழைய பாடங்களில் எல்லாம் இப்படித்தானே இருக்கிறது? டேப்லெட்டுகள் மலிவானவை, மெமரி குறைவு. அதுதான் காரணம் என்று எங்கள் குழுவில் பேச்சு. டேட்டாபேஸ் கோப்பையே இரண்டு செயலியும் நேரடியாகத் திறந்துகொள்ளலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். எங்கிருந்து பிடிப்பது?

தறி:
சர்வரிலிருந்து பில் செயலியே நேரடியாக எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லையே?

நீலமலை:
கடைகளில் நெட் விட்டு விட்டுத்தான் வரும், தறி. சரக்குச் செயலி இரவில் ஒரு முறை ஒத்திசைத்துவிட்டுப் பகல் முழுக்க உள்ளூர் டேட்டாபேஸில் ஓடுகிறது. அதே வேலையை இரண்டு செயலியிலும் செய்தால் இருப்புக் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

ஒற்றைப்பனை:
மெமரி என்று முடிவு கட்டும் முன் சிஸ்டமே சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் அப்ளிகேஷன் எக்ஸிட் இன்ஃபோ என்று ஒரு ஏபிஐ இருக்கிறது. செயலி அடுத்த முறை திறக்கும்போது ஆக்டிவிட்டி மேனேஜரிடம் கேட்டால், முன்பு நம் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருந்த செயலி) ஏன் முடிந்தது என்று பட்டியலாகத் தரும். ஜாவா க்ராஷ், நேட்டிவ் க்ராஷ், ஏஎன்ஆர் (செயலி பதில் தராமல் நிற்பது), மெமரி குறைவு எல்லாவற்றுக்கும் தனித்தனி காரண எண் உண்டு. சோதனை டேப்லெட்டில் லாக்கேட்டை (சிஸ்டம் எழுதும் லாக்கைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, செயலி போகும் நொடியில் ஆக்டிவிட்டி மேனேஜர் எழுதும் 'கில்லிங்' வரியையும் பாருங்கள்.

நீலமலை:
பார்த்தேன் அண்ணா. காரண எண் 12, 'ரீசன் டிபென்டென்ஸி டைடு'. லாக்கேட் வரியில் பில் செயலியின் பெயர், அதன் பக்கத்தில் 'டிபென்ட்ஸ் ஆன் ப்ரொவைடர்', அப்புறம் சரக்குச் செயலியின் ப்ரொவைடர் பெயர், பிறகு 'இன் டையிங் ப்ராக்'. அதற்குக் கொஞ்சம் மேலே சரக்குச் செயலியில் ஒத்திசைவு த்ரெட் ஒரு நல் பாயின்டர் எக்செப்ஷனில் (இல்லாத பொருளைத் தொட்டதால் வரும் பிழை) விழுந்திருக்கிறது. ஆக அந்தச் செயலி விழுந்ததால் என் செயலியும் போகிறதா? என் கோடில் ஒரு பிழையும் இல்லாமலே?

பழையகணினி:
ஆம், அப்படித்தான். இதைப் பலரும் கவனிப்பதில்லை. க்ராஷ் அறிக்கையில் வராததுதான் காரணம். உங்கள் ப்ராசஸில் எக்செப்ஷன் எதுவும் எறியப்படவில்லை, சிஸ்டம் வெளியிலிருந்து கொன்றுவிடுகிறது. க்ராஷ் பிடிக்கும் நூலகங்கள் எக்செப்ஷனைத்தான் பிடிக்கும்.

நடப்பது இது. ஒரு செயலி இன்னொன்றின் ப்ரொவைடரைப் பிடித்திருப்பதில் இரண்டு வகை உண்டு: ஸ்டேபிள், அன்ஸ்டேபிள். ஸ்டேபிளாகப் பிடித்திருக்கும்போது ப்ரொவைடர் இருக்கும் ப்ராசஸ் செத்தால், பிடித்திருப்பவரையும் சிஸ்டம் கொன்றுவிடும். கேட்பதற்குக் கொடுமையாக இருந்தாலும் அதன் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது: நீங்கள் நம்பியிருந்த தரவு பாதியில் அறுந்துவிட்டது, இனி உங்கள் நிலை சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே புதிதாகத் தொடங்குங்கள் என்பது. அன்ஸ்டேபிளாகப் பிடித்திருந்தால் கொலை இல்லை. அடுத்த அழைப்பில் டெட் ஆப்ஜெக்ட் எக்செப்ஷன் வரும், நீங்களே சமாளித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கன்டென்ட் ரிசால்வரின் க்வெரி என்ன செய்கிறது என்று பாருங்கள். க்வெரி ஓடும்போது முதலில் அன்ஸ்டேபிளாகத்தான் முயலும். நடுவில் ப்ரொவைடர் செத்தால் ஸ்டேபிளாகப் பிடித்து இன்னொரு முறை கேட்கும். அதுவரை நல்லதுதான். ஆனால் கர்சரை உங்கள் கையில் கொடுக்கும்போது அதோடு ஒரு ஸ்டேபிள் பிடிப்பையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறது. நீங்கள் க்ளோஸ் செய்யும் வரை அந்தப் பிடிப்பு இருக்கும். திரை திறந்திருக்கும் நேரம் முழுக்க அடாப்டரில் கர்சர் இருந்தால், அவ்வளவு நேரமும் உங்கள் உயிர் அந்தச் செயலியின் கையில்.

மெமரி குறைவு என்ற சந்தேகத்தை நான் பின்னால்தான் வைப்பேன். முன்னால் இருக்கும் செயலி ஒரு ப்ரொவைடரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்த ப்ரொவைடரின் ப்ராசஸுக்கும் சிஸ்டம் முக்கியத்துவம் ஏற்றிக்கொடுக்கும், சும்மா தூக்கிப் போடாது. அது சாவது பெரும்பாலும் சொந்தக் க்ராஷால், அல்லது யாராவது ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுப்பதால், அல்லது செயலி புதுப்பிக்கப்படுவதால். கடைசியை மறக்காதீர்கள். ப்ளே ஸ்டோர் பின்னணியில் சரக்குச் செயலியைப் புதுப்பித்தால் அதன் ப்ராசஸ் நிறுத்தப்படும். அந்த நேரத்தில் உங்களிடம் கர்சர் திறந்திருந்தால் பில் செயலியும் போகும். எங்கும் ஒரு பிழை கூடத் தேவையில்லை.

சோதிப்பது சுலபம். பில் செயலியில் பட்டியல் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, கணினியிலிருந்து ஏடிபி ஷெல்லில் சரக்குச் செயலிக்கு ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுங்கள்.

நீலமலை:
செய்தேன். கட்டளை அடித்த நொடியில் பில் செயலி போய்விட்டது. ஒவ்வொரு முறையும்.

அடிப்படையான ஒரு சந்தேகம். க்வெரி முடிந்து கர்சர் என்னிடம் வந்த பிறகு தரவு என் மெமரியில்தானே இருக்கிறது? பிறகு ஏன் அந்தச் செயலி உயிரோடு இருக்க வேண்டும்?

பழையகணினி:
இங்கேதான் உங்கள் இரண்டாவது தொல்லையும் இருக்கிறது. கர்சர் கைக்கு வந்தால் குடத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிணற்றில் கயிறு விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். செயலிகளுக்கு இடையே பேச்சு பைண்டர் வழியாக நடக்கிறது. பைண்டர் பஃபர் ஒரு ப்ராசஸுக்கு ஏறக்குறைய 1 எம்பிதான், அதுவும் அந்த நேரத்தில் நடக்கும் எல்லா அழைப்புகளுக்கும் சேர்த்து. ஆயிரக்கணக்கான பதிவுகளை அதில் தள்ள முடியாது. ஆகவே ப்ரொவைடர் பக்கம் கர்சர் விண்டோ என்ற பகிர்நினைவகத் துண்டு ஒன்று உருவாகும். வழக்கமான அளவு 2 எம்பி. அதில் பதிவுகளை நிரப்பி, அந்தத் துண்டுக்கான ஃபைல் டிஸ்க்ரிப்டரை (அதைத் திறக்க உதவும் கைப்பிடி எண்ணை) மட்டும் உங்களுக்கு அனுப்பும். நீங்கள் படிப்பது அந்தத் துண்டிலிருந்துதான். அதற்குள் இருக்கும் வரை எதிர்ச் செயலியைக் கேட்கத் தேவையில்லை, வேகமாகவும் இருக்கும்.

2 எம்பிக்கு மேல் முடிவுகள் இருந்தால்? மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை முதலிலேயே எண்ணி வைக்கப்படும். ஆனால் துண்டில் அடங்கிய மட்டும்தான் உங்களிடம் இருக்கும். துண்டின் கடைசிப் பதிவைத் தாண்டி நீங்கள் நகரும்போது, கர்சர் எதிர்ச் செயலியிடம் 'இந்த இடத்திலிருந்து கொடு' என்று கேட்கும். அங்கே எஸ்க்யூலைட் அதே க்வெரியை மறுபடி முதலிலிருந்து ஓட்டி, வேண்டாத பதிவுகளைத் தாண்டி, வேண்டிய இடத்திலிருந்து நிரப்பும். பட்டியல் நீள நீள, பின்பகுதிக்குப் போவது மெதுவாகிக்கொண்டே போகும். இதெல்லாம் அடுத்த பதிவுக்கு நகரும் மூவ் டு நெக்ஸ்ட் என்ற ஒரே அழைப்பின் பின்னால் ஒளிந்து நடக்கிறது. அதை மெயின் த்ரெட்டில் செய்தால் திரை திக்கும்.

இந்த நிரப்பல் நடக்கும்போது எதிர்ச் செயலி செத்திருந்தால்? உங்கள் பக்கம் இருக்கும் கர்சர் அந்தப் பிழையை உள்ளேயே விழுங்கிக்கொள்கிறது. லாக்கில் 'எதிர் ப்ராசஸ் இல்லை, விண்டோ கிடைக்கவில்லை' என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு, மூவ் டு நெக்ஸ்டுக்குப் பொய் என்று பதில் தருகிறது. உங்கள் வைல் லூப்புக்கு அது 'பட்டியல் முடிந்தது' என்பது போலவே தெரியும். ஸ்டேபிள் பிடிப்பு இருந்தால் கூடவே கொலையும் வந்துவிடுவதால் இது பெரும்பாலும் வெளியே தெரியாது. அன்ஸ்டேபிளுக்கு மாறினீர்களானால் கட்டாயம் தெரியும்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: லூப் முடிந்ததும், படித்த பதிவுகளின் எண்ணிக்கையை கெட் கவுண்ட் தந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லையா, படித்ததை எறிந்துவிட்டு மறுபடி கேளுங்கள். இந்த ஒற்றை ஒப்பீட்டை எழுதாத கோடு ஏராளம், ஒழுங்காகப் பராமரிக்கப்படும் செயலிகளில்கூட.

தறி:
அப்படியானால் எதிர்ச் செயலி உயிரோடு இருக்கும்போது, துண்டு மாறும் நேரத்தில் டேட்டாபேஸ் மாறினால் என்ன ஆகும்? ஒத்திசைவு ஓடிக்கொண்டே இருக்கலாமே.

பழையகணினி:
நல்ல கேள்வி. ஒவ்வொரு நிரப்பலும் ஒரு புதிய ரீட். இரண்டு நிரப்பல்களையும் சேர்த்துக் கட்டும் ட்ரான்ஸாக்ஷன் எதுவும் இல்லை. ரைட் அஹெட் லாகிங் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் எஸ்க்யூலைட் முறை) போட்டிருந்தாலும் ஒரு ஸ்டேட்மென்ட் ஓடி முடியும் வரைதான் அந்த ஸ்னாப்ஷாட். நடுவில் 'அரிசி' வரிசையில் ஒரு பொருள் புதிதாகச் சேர்ந்தால், அதற்குக் கீழே உள்ளவை ஒரு படி இறங்கும். முதல் துண்டின் கடைசிப் பொருள் இரண்டாவது துண்டிலும் வரும். ஒன்று நீக்கப்பட்டால் ஒரு பொருள் உங்கள் கண்ணில் படாமலே போகும். எண்ணிக்கையோ முதலில் எண்ணியதுதான், அது மாறாது. பல பதிவுகள் நீங்கிவிட்டால் கடைசியில் இல்லாத இடத்தைப் படிக்கப் போய் இல்லீகல் ஸ்டேட் எக்செப்ஷன் வரும். 'கர்சரைச் சரியாகத் துவக்கினீர்களா பார்' என்று அந்தச் செய்தி சொல்லும். துவக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பலரும் அதை நம்பி வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒற்றைப்பனை:
ஒரு மாற்றுக் கருத்து. ஆண்ட்ராய்டு 9 முதல் கர்சர் விண்டோவை நாமே அளவு கொடுத்து உருவாக்கலாம். 8 எம்பி கொடுத்தால் எல்லாம் ஒரே துண்டில் வந்துவிடும், துண்டு மாறும் தொல்லை இல்லை. சரக்குச் செயலி உங்கள் நிறுவனத்துடையதுதானே, அந்தக் குழுவிடம் சொன்னால் ப்ரொவைடரில் சில வரிகள்தான். அதே 9இல் 'முன்னோக்கி மட்டும் நிரப்பு' என்று எஸ்க்யூலைட் கர்சருக்குச் சொல்லவும் வழி வந்தது. வழக்கமாக அது கேட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே நிரப்பும், பின்னால் ஸ்க்ரோல் செய்வதற்காக. ஒரே திசையில் படிப்பவருக்கு அந்த இடம் வீண்.

பழையகணினி:
இரண்டாவதை ஏற்கிறேன், செய்ய வேண்டியதுதான். முதலாவது எனக்குச் சரியாகப் படவில்லை. விண்டோ அளவைப் பெரிதாக்குவது சிக்கலைத் தள்ளிப் போடும். இன்று 8 எம்பி போதும், பெரிய கடை ஒன்று வந்தால் 12 வேண்டும். மலிவான டேப்லெட்டில் ஒவ்வொரு கர்சருக்கும் அவ்வளவு பகிர்நினைவகம் ஒதுக்குவதை நான் விரும்ப மாட்டேன். அதோடு விண்டோவை உருவாக்குவது ப்ரொவைடர் பக்கம். கேட்பவர் கையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஒற்றைப்பனை:
பெரிய கடை வரும் என்பது அனுமானம். ஒரு பொருளுக்குச் சில நூறு பைட்டுகள்தான், படம் இல்லாமல். பத்தாயிரம் பொருள்களே சில எம்பிக்குள் அடங்கும். எளிய தீர்வு போதும் என்றால் அதை எடுப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

பழையகணினி:
படத்தை வெளியே எடுத்தால் உங்கள் கணக்கு சரி. ஆனால் படத்தை வெளியே எடுத்து, தேவையான புலங்களை மட்டும் கேட்டால், பெரிய விண்டோவே தேவைப்படாமல் போகலாம். முதலில் அதைச் செய்துவிட்டு அளந்து பார்க்கட்டும்.

கடல்காகம்:
படம் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வேலையும் அதுதான். ஒரு பதிவு முழுதாக ஒரே விண்டோவுக்குள் அடங்கியாக வேண்டும். 2 எம்பி விண்டோவில் 3 எம்பி படம் உள்ள பதிவு ஒருபோதும் வராது, எத்தனை முறை கேட்டாலும். படம் சிறியதாக இருந்தாலும் விண்டோவை அடைத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் அடங்க வேண்டிய இடத்தில் பத்து இருபது பதிவுதான் இருக்கும், ஸ்க்ரோல் செய்யச் செய்ய நிரப்பல் நடந்துகொண்டே இருக்கும்.

ஆண்ட்ராய்டின் தொடர்புகள் ப்ரொவைடரைப் பாருங்கள். தொடர்பின் சிறு படம் மட்டும் ப்ளாப் (வெறும் பைட்டுகள்) புலமாகக் கர்சரில் வரும். பெரிய படத்துக்குத் தனி யூஆர்ஐ (முகவரி), அதைக் கோப்பாகத் திறந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 4 காலத்திலிருந்தே இப்படித்தான். உங்கள் ப்ரொவைடரிலும் ஓப்பன் ஃபைல் என்ற முறையை எழுதுங்கள். பொருளின் யூஆர்ஐயைப் பார்த்துப் படக்கோப்பைத் திறந்து பார்சல் ஃபைல் டிஸ்க்ரிப்டராகக் கொடுத்தால் போதும். பில் பக்கம் ஓப்பன் இன்புட் ஸ்ட்ரீம் கூப்பிட்டுப் படித்துக்கொள்ளலாம். படம் எவ்வளவு பெரியதானாலும் பைண்டரிலும் விண்டோவிலும் ஏறாது. பட்டியல் க்வெரியில் படப்புலத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். ப்ரொஜெக்ஷனுக்கு (எந்தப் புலங்கள் வேண்டும் என்ற பட்டியலுக்கு) நல், அதாவது வெற்று மதிப்பு, கொடுத்து எல்லாப் புலத்தையும் அள்ளுவதுதான் இதில் பாதிக் குற்றவாளி.

தறி:
கோப்பையே நேரடியாகத் திறக்கலாம் என்று நீலமலையின் குழுவில் ஒருவர் சொன்னாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கடல்காகம்:
ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனி லினக்ஸ் பயனர் எண், தனிக் கோப்பகம். கோப்பை எல்லோரும் படிக்கும்படி திறந்துவிடும் பழைய மோடு ஆண்ட்ராய்டு 7இலிருந்து செக்யூரிட்டி எக்செப்ஷன் தரும். இரண்டு செயலிக்கும் ஒரே பயனர் எண் கொடுக்கும் ஷேர்டு யூசர் ஐடி வழியும் ஆண்ட்ராய்டு 10இல் கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டுவிட்டது. இன்று புதிதாக அதில் இறங்குவது கூடாது.

ஐஓஎஸ்ஸில் ஆப் க்ரூப் வழியாக ஒரே நிறுவனத்தின் செயலிகள் ஒரு கோப்பகத்தைப் பகிரலாம், எஸ்க்யூலைட் கோப்பையும் வைக்கலாம். அங்கே வேறு வலி: கோப்பின் பூட்டைப் பிடித்தபடி செயலி பின்னணிக்குப் போய் உறையும்போது சிஸ்டம் அதைக் கொன்றுவிடும். க்ராஷ் குறியீடு 0எக்ஸ்டெட்10சிசி. ஆங்கிலத்தில் 'டெட் லாக்' என்று ஒலிக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒரே தரவை இரண்டு ப்ராசஸ் தொடும் இடத்தில் எந்தத் தளத்திலும் இப்படி ஒன்று இருக்கும்.

நீலமலை:
எல்லோருக்கும் நன்றி. இதுவரை செய்தவை: படம் வெளியே போய்விட்டது, மூன்றாவது தொல்லை தீர்ந்தது. அடாப்டரில் கர்சரை வைப்பதை விட்டுவிட்டேன். பின்னணி த்ரெட்டில் அன்ஸ்டேபிள் கன்டென்ட் ப்ரொவைடர் க்ளையன்டைப் பிடித்து, கர்சரை முழுவதும் படித்துச் சாதாரண லிஸ்டாக்கி, கோட்லினின் யூஸ் வழியாக உடனே மூடுகிறேன். எண்ணிக்கை ஒப்பீடும் சேர்த்தாயிற்று. இப்போது சரக்குச் செயலிக்கு ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்தாலும் பில் செயலி அசையாமல் நிற்கிறது.

மீதி இருப்பது: படிக்கும் நேரத்தில் ஒத்திசைவு ஓடினால் பட்டியல் கலங்குவது. பக்கம் பக்கமாகக் கேட்டால் சரியாகுமா? ஆண்ட்ராய்டு 8இலிருந்து பண்டிலில் (க்வெரியோடு அனுப்பும் விருப்பங்களின் தொகுப்பு) லிமிட் (எத்தனை வேண்டும்), ஆஃப்செட் (எத்தனையைத் தாண்டி) கொடுக்கலாம் என்று படித்தேன்.

பழையகணினி:
பண்டில் க்வெரியில் கவனிக்க வேண்டியது, ப்ரொவைடர் அந்த லிமிட்டை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதையெல்லாம் மதித்தேன் என்று கர்சரின் எக்ஸ்ட்ராஸில் 'ஹானர்டு ஆர்க்ஸ்' என்ற பட்டியலாகத் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கிறது. அதில் உங்கள் லிமிட் இல்லையென்றால் வந்தது முழுப் பட்டியல் என்று கொள்ள வேண்டும். பார்க்காமல் அடுத்த பக்கம் கேட்டால் அதே பொருள்கள் மறுபடி வரும்.

ஆஃப்செட் வேண்டாம். நான் மேலே சொன்ன இறங்குதல் ஏறுதல் எல்லாம் ஆஃப்செட்டிலும் அப்படியே நடக்கும். கடைசியாகப் பார்த்த ஐடிக்கு மேல் உள்ளவை, ஐடி வரிசையில், இத்தனை என்று கேளுங்கள். பிரைமரி கீயில் நேராகக் குதிப்பதால் எந்தப் பக்கமும் ஒரே வேகம். நடுவில் ஒன்று நீங்கினாலும் மற்றது விடுபடாது.

அதோடு உங்கள் வேலைக்கு ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியல் எதற்கு? பில் செயலி தன்னுடைய ரூம் (எஸ்க்யூலைட் மேல் அமைந்த ஆண்ட்ராய்டு நூலகம்) டேட்டாபேஸில் ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டும். சரக்கு டேபிளில் 'மாற்ற எண்' என்று ஒரு புலம் சேர்க்கச் சொல்லுங்கள், பதிவை எழுதும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும் எண். நீங்கள் கடைசியாகக் கண்ட எண்ணுக்கு மேல் உள்ளவற்றை மட்டும் கேளுங்கள். அப்போது பக்கம் பிரிப்பதும் ஐடிக்குப் பதில் மாற்ற எண் வரிசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியில் அறுந்தால் எங்கே விட்டோம் என்று தெரியாது. நீக்கப்பட்ட பொருளை உடனே அழிக்காமல், நீக்கியது என்று குறித்து மாற்ற எண்ணை ஏற்றினால் அதுவும் உங்களுக்கு வந்து சேரும். பாதியில் சரக்குச் செயலி செத்தால் வந்த வரைக்கும் எழுதிவிட்டு, அடுத்த முறை அந்த எண்ணிலிருந்து தொடரலாம். ஒரே பொருள் இரண்டு முறை வந்தால் மேலேயே எழுதிக்கொள்ளும், சேதம் இல்லை.

ஒற்றைப்பனை:
இதை முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன். முழுப் பட்டியலையே ஒரே நிலையில் கேட்க வேண்டிய சிறு டேபிள்களுக்கு, வரி விகிதம், அலகுகள் போன்றவற்றுக்கு, ப்ரொவைடர் பக்கம் ஒரே ரீடில் படித்து மேட்ரிக்ஸ் கர்சரில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அது டேட்டாபேஸைத் திரும்பத் தொடாது, துண்டு மாறினாலும் அதே நிலைதான். பெரிய டேபிளுக்கு வேண்டாம், எதிர்ச் செயலியின் ஹீப் மெமரியைத் தின்றுவிடும்.

நீலமலை:
மாற்றம் வந்தது என்று எப்படித் தெரியும்? கன்டென்ட் அப்ஸர்வர்தானா?

ஒற்றைப்பனை:
ஆம். ஆனால் அது 'ஏதோ மாறியது' என்ற தட்டல் மட்டும்தான். சரக்குச் செயலி ஒவ்வொரு பதிவுக்கும் நோட்டிஃபை கூப்பிட்டால் ஒத்திசைவின்போது மழையாகக் கொட்டும். அங்கே ட்ரான்ஸாக்ஷன் முடிந்த பிறகு ஒரு முறை கூப்பிடச் சொல்லுங்கள். இங்கேயும் கொஞ்சம் பொறுத்துச் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் ப்ராசஸ் இல்லாத நேரத்துத் தட்டல் உங்களுக்கு வராது, ஆகவே திரை திறக்கும்போது தட்டல் இல்லாவிட்டாலும் ஒரு முறை மாற்ற எண்ணை வைத்துக் கேட்டுவிடுங்கள்.

தறி:
ப்ரொவைடரை எக்ஸ்போர்ட்டட் என்று திறந்துவிட்டால் டேப்லெட்டில் இருக்கும் எந்தச் செயலியும் கடையின் விலைப்பட்டியலைப் படிக்கலாமே? கொள்முதல் விலைகூட அதில் இருக்கும் போல.

கடல்காகம்:
சரியாகப் பிடித்தீர்கள். எக்ஸ்போர்ட்டட் உண்மை என்று வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பில் செயலியாலும் படிக்க முடியாது. பூட்டு அனுமதியில் இருக்கிறது. சொந்தமாக ஒரு ரீட் பெர்மிஷன் அறிவித்து அதன் ப்ரொடெக்ஷன் லெவலை சிக்னேச்சர் ஆக்குங்கள். ஒரே சாவியால் கையெழுத்திட்ட செயலிக்கு மட்டும் கிடைக்கும், பயனரிடம் கேட்கவும் கேட்காது. ஒரு செயலி டீபக் சாவியிலும் இன்னொன்று ரிலீஸ் சாவியிலும் இருந்தால் செக்யூரிட்டி எக்செப்ஷன் வரும், அதைப் பிழை என்று எண்ணி அனுமதியைத் தளர்த்திவிடாதீர்கள்.

கேட்பவர் அனுப்பும் செலக்ஷன் (வடிகட்டும் நிபந்தனை) சரத்தை அப்படியே எஸ்க்யூஎல்லில் ஒட்டும் ப்ரொவைடரும் ஆபத்து. மதிப்புகள் எப்போதும் கேள்விக்குறி வழியாக, தனி ஆர்க்யுமென்டாக வர வேண்டும். எஸ்க்யூலைட் க்வெரி பில்டரில் ப்ரொஜெக்ஷன் மேப் வைத்து, ஸ்ட்ரிக்ட் பயன்முறையையும் போட்டால், பட்டியலில் இல்லாத புலத்தைக் கேட்பவருக்குப் பதில் கிடையாது. கொள்முதல் விலை பில் செயலிக்குத் தேவையில்லை என்றால் அந்த மேப்பிலேயே சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று, இது பலரைச் சுற்ற விட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு 11ஐ இலக்காக வைத்த செயலிக்கு மற்றச் செயலிகள் இயல்பாகக் கண்ணில் படாது. பில் செயலியின் மேனிஃபெஸ்டில் (செயலியின் அறிவிப்புக் கோப்பில்) க்வெரீஸ் பகுதியில் சரக்குச் செயலியின் பேக்கேஜையோ ப்ரொவைடர் அத்தாரிட்டியையோ (ப்ரொவைடரின் அடையாளப் பெயர்) எழுத வேண்டும். இல்லையென்றால் கர்சருக்குப் பதில் நல், அதாவது வெற்று மதிப்பு, வரும்; 'ப்ரொவைடர் தகவல் கிடைக்கவில்லை' என்று லாக்கில் ஒரு வரி. நல் கர்சரும் காலிக் கர்சரும் ஒன்றல்ல. காலி என்றால் சரக்கு இல்லை. நல் என்றால் கேட்கவே முடியவில்லை. இரண்டுக்கும் 'பொருள்கள் இல்லை' என்று ஒரே திரையைக் காட்டினால் கடைக்காரர் தன் சரக்கே அழிந்துவிட்டது என்று பயந்துபோவார்.

நீலமலை:
க்வெரீஸ் ஏற்கெனவே இருக்கிறது. நல் கர்சருக்குத் தனித் திரை இல்லை, இன்றே சேர்க்கிறேன். டெட் ஆப்ஜெக்ட் எக்செப்ஷன் வந்தால் உடனே மறுபடி கேட்கலாமா?

பழையகணினி:
அந்த க்ளையன்டை மூடிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். செத்த பிடிப்பில் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். புதிதாகப் பிடித்தால் சிஸ்டமே சரக்குச் செயலியை எழுப்பும். இடையில் கொஞ்சம் இடைவெளி கொடுங்கள், ஓரிரு முறைக்கு மேல் முயலாதீர்கள். தொடக்கத்திலேயே விழுகிற செயலியை விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தால் டேப்லெட் சூடாவதுதான் மிச்சம். உங்களிடம் நகல் இருக்கிறது, அதைக் காட்டி, கடைசியாகப் புதுப்பித்த நேரத்தையும் பக்கத்தில் போடுங்கள். கடைக்காரர் பில் போடட்டும்.

அந்த நல் பாயின்டரையும் எதிர்க் குழுவிடம் திருத்தச் சொல்லுங்கள். நீங்கள் தாங்கிக்கொள்கிறீர்கள் என்பதற்காக அது அப்படியே கிடக்கக் கூடாது.

நீலமலை:
சொல்லியாயிற்று, ஒத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒன்று: இரண்டு செயலியும் ஒரே நாளில் புதுப்பிக்கப்படாது. அவர்கள் புலங்களை மாற்றினால் என் பக்கம் உடையுமே?

பழையகணினி:
புலங்களைப் பெயரால் தேடுங்கள், இட எண்ணால் வேண்டாம். கட்டாயம் தேவையானவற்றுக்கு கெட் காலம் இன்டெக்ஸ் ஆர் த்ரோ, இருந்தால் நல்லது என்பவற்றுக்கு மைனஸ் 1 தரும் சாதாரண வடிவம். ஆனால் இல்லாத புலத்தை ப்ரொஜெக்ஷனில் கேட்டால் ஸ்ட்ரிக்ட் ப்ரொவைடர் க்வெரியையே மறுத்துவிடும். அதனால் ப்ரொவைடரின் கால் என்ற முறையில் ஒப்பந்தப் பதிப்பு எண் ஒன்றைத் திருப்பச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு ப்ரொஜெக்ஷனை அமையுங்கள். டேட்டாபேஸ் உள்ளே அவர்கள் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும், ப்ரொஜெக்ஷன் மேப் பழைய பெயரைப் புதிய புலத்தோடு இணைத்துவிடும். வெளியே தெரியும் பெயரை மட்டும் மாற்றவோ நீக்கவோ கூடாது, புதிதாகச் சேர்க்கலாம். இதை இரண்டு குழுவும் சேர்ந்து எழுதி, பெயர்கள் அடங்கிய ஒப்பந்தக் க்ளாஸை ஒரு சிறு நூலகமாக இரண்டு செயலியிலும் சேர்த்துவிடுங்கள்.